ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஆறு டேப்

சொந்த ஊர்ப் பள்ளிக்கு டேப் (டேப்லட் என்கிற கையடக்கக் கணினி) வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த கம்பெனி நல்லது, எத்தனை ஜிபி எடுக்கணும்" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பள்ளிக்குள் காலை பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்பது.

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள சின்னத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அது ஊராட்சி ஒன்றியப் பள்ளியானாலும் சரி, ஒரு காலத்தில் செட்டியார் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்து இன்று அரசு உதவி பெற்று நடக்கிற பள்ளியானாலும் சரி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு, எல்லாம் சேர்த்து இருபது முப்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், அந்த இருவரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியரும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். அவர்களில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஊரில் குடும்பங்கள் குறைந்துவிட்டன, இருக்கிற குடும்பங்களிலும் பாதிப் பிள்ளைகளை காலையில் தனியார் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, அதனால் இந்த எண்ணிக்கை கூடுவதற்கும் வழி தெரியவில்லை.

டேப்பைப் பற்றி என்ன பேசினாலும் இந்த இடத்திலிருந்துதான் பேச வேண்டும். ஒரே அறையில் 'அ' எழுதத் தெரியாத பிள்ளையும், பின்னக் கணக்குப் போட வேண்டிய பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றக் குழுக்கள் என்ன செய்யும்? பார்த்து எழுதும், அல்லது பக்கத்திலிருப்பவனைக் கிள்ளும். சின்னப் பள்ளியில் வீணாகிற நேரமெல்லாம் இந்தக் காத்திருப்பில்தான் வீணாகிறது. அந்தக் காத்திருப்பை டேப் உருப்படியான வேலையாக மாற்றுமானால் அதற்குச் செலவழிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இது புதுச் சிக்கலும் இல்லை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார் எல்லா வயதுப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக்கி சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் காலத்தில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. ஏணிப்படி போல வரிசைப்படுத்திய அட்டைகள், பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் மேலே ஏற வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் நிலை வாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதாவது பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்கிற எண்ணம் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இருபது வருஷமாகப் பழக்கம். டேப் நன்றாக வேலை செய்கிற இடங்களிலும் அடியில் இருப்பது இதே எண்ணம்தான், அதனால் நம் ஆசிரியர்களுக்கு அது அந்நியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளியே என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் 'ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் போதும், பிள்ளைகள் தானாகவே கற்றுக்கொள்வார்கள்' என்கிற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாடு அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது. முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தபோது, சுமார் 15 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்ணில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று தெரிந்தது. பிள்ளைகள் கருவியைப் பயன்படுத்தாமல் இல்லை, நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் வகுப்பில் நடக்கிற பாடத்துக்கும் அந்தக் கருவிக்கும் இடையே ஒரு தொடர்பும் ஏற்படுத்தப்படவில்லை.

அதற்கு நேர் எதிரான அனுபவம் டெல்லியில் கிடைத்தது. 2015இல் 619 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை அது. பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மையத்தில், பாதி நேரம் கணினியில் பயிற்சி, மீதி நேரம் சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒருவரிடம் பாடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. காரணம், அந்த மென்பொருள் முதலில் பிள்ளையைச் சோதித்து, அது எட்டாம் வகுப்பில் இருந்தாலும் நாலாம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால் நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள், நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பெருவுக்கும் டெல்லிக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டெல்லியில் பிள்ளையின் படியில் தொடங்கினார்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார்.

சரி, இருபத்து நாலு பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு எத்தனை டேப் வேண்டும்? ஆறு போதும். சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆசிரியர் ஒரு குழுவோடு உட்காரும்போது இன்னொரு குழு, ஆறிலிருந்து எட்டுப் பேர், டேப்பில் வேலை செய்யும், மூன்றாவது குழு நோட்டில் எழுதும், அரை மணி நேரம் கழித்து மாறிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் முப்பது நிமிஷத்துக்கு மேல் திரை தேவைப்படாது. வீட்டில் அம்மா போனில் வீடியோ பார்க்கிற நேரம் வேறு இருக்கிறதே. இரண்டு பேர் ஒரு டேப்பில் உட்கார்ந்தால் பேசிக்கொண்டே செய்கிறார்கள், அந்தப் பேச்சிலும் படிப்பு இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் தட்டிக்கொண்டே இருந்து மற்றது வேடிக்கை பார்க்காமல், கை மாற்றிவிடுவதை மட்டும் ஆசிரியர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

டேப்பில் என்ன செய்ய வைப்பது என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் இடம் வாசிப்புக்கு. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிப்பதை ஆசிரியர் உட்கார்ந்து கேட்பது வாரத்துக்கு ஒரு முறை நடந்தாலே பெரிசு. டேப்பில் இருக்கிற சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரே இதற்குப் போதும். பிள்ளை வராண்டா ஓரத்தில் போய் உட்கார்ந்து, பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, அதைத் தானே திருப்பிக் கேட்கிறது. இந்தப் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் வாளப்பளமாகத்தான் வரும், வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் குரலில் 'பளம்' என்று கேட்டு, புத்தகத்தில் 'பழம்' என்று இருப்பதைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாக்கை மடித்து மடித்துப் பார்த்து, "இன்னொரு தடவை பேசிக்கிறேன் டீச்சர்" என்று கேட்கும் பாருங்கள், அந்தத் திருத்தத்தை வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆசிரியர் பன்னிரண்டு பிள்ளைகளின் ஒரு நிமிஷப் பதிவைக் கேட்டால் பன்னிரண்டு நிமிஷம். யார் எழுத்துக் கூட்டுகிறார்கள், யார் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும்.

கூகுளின் ரீட் அலாங் செயலியும் தமிழில் இருக்கிறது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தடுமாறுகிற சொல்லைச் சொல்லிக்கொடுக்கும், கதைகளை முன்கூட்டி இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். நல்ல செயலிதான். ஆனால் இருபது பிள்ளைகள் சத்தம் போடுகிற அறையில் அது யார் குரலைக் கேட்பது என்று திணறும், அதனால் மைக் வைத்த இயர்போனும் ஒரு அமைதியான மூலையும் வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கிக்கொள்ளலாம். நூலகம் என்று ஒரு பீரோ மட்டுமே இருக்கிற பள்ளிக்கு இது பெரிய விஷயம்.

கணக்கில் டேப் நன்றாக உதவுவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பயிற்சிகளில். கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு, இட மதிப்பு. விடை சரியா தப்பா என்பது அந்த நொடியே தெரிகிறது, ஆசிரியர் நோட்டைத் திருத்தித் தரும் வரைக்கும் தப்பையே பத்து முறை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்கிற செயலிகளில் பிள்ளைகள் இரண்டே நாளில் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள், நாலையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவது, பச்சை வந்ததும் அடுத்த கணக்கு. நட்சத்திரம் குவியும், கணக்கு வராது. விடையை எண்ணாக எழுதச் சொல்கிற செயலியாகப் பார்த்து எடுக்க வேண்டும், பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்து அதில் போட்டுப் பார்த்த பிறகே திரையைத் தொட வேண்டும் என்று பழக்க வேண்டும். முடித்ததும் நோட்டை ஆசிரியரிடம் காட்ட வேண்டும், திரையில் வந்த நட்சத்திரத்தைக் காட்டினால் போதாது.

எழுத்தைக் கற்றுக்கொடுக்க மட்டும் டேப்பை நம்பவே வேண்டாம் என்பேன். கண்ணாடி மேல் விரலால் 'இ' வரைகிற செயலிகள் ஏராளம், விளம்பரத்திலும் அதைத்தான் காட்டுகிறார்கள். கண்ணாடி வழுக்கும், விரல் எப்படிப் போனாலும் செயலி இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் சேர்த்துவிடும். மணலில் எழுதினால் விரலுக்கு உறைக்கும், பலகையில் எழுதினால் கை அழுத்தம் பழகும். எழுத்து அறியாத சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த மூளை ஆய்வுகளிலும், தட்டச்சு செய்ததைவிடக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக இயங்குவதாகத் தெரிந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு தாம்பாளம் நிறைய மணல் போதும், அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

டேப்பில் பலரும் மறந்துவிடுகிற பாகம் கேமரா. செட்டிநாட்டுப் பள்ளிக்கு இதைப் போல ஒரு வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? ஆத்தங்குடிக்குப் பக்கத்துப் பள்ளி என்றால் நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு டேப்போடு தரை ஓடு போடுகிற பட்டறைக்குக் கூட்டிப் போகலாம். கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, அப்புறம் சாந்து போட்டு மட்டம் செய்கிறார் அந்த மேஸ்திரி, பிள்ளைகள் ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடிக்கிறார்கள். அடுத்த நாள் வகுப்பில் அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி, வாசித்துக் குரலையும் சேர்த்தால் அது பிள்ளைகளே செய்த பாடம். அதே ஓட்டில் சமச்சீர் இருக்கிறது, பரப்பளவு இருக்கிறது, ஒரு அறைக்கு எத்தனை ஓடு வேண்டும் என்கிற கணக்கு இருக்கிறது. பனையோலைக் கொட்டான் முடைகிற பாட்டியையும் இப்படியே கேட்டுப் பதிவு செய்யலாம். வெளியூரில் எங்கோ தயாரித்த அனிமேஷன் வீடியோவை நூறு முறை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அரசும் இந்தப் பக்கம் நிறையவே செய்திருக்கிறது. 2018இல் வரத் தொடங்கிய புதுப் பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 80,000 பேருக்குச் சுமார் 101 கோடி ரூபாயில் கையடக்கக் கணினி என்று அறிவித்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அது ஆசிரியர் கையில் இருக்கிற கருவி என்பதை மறக்கக் கூடாது. வருகைப் பதிவு, எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளம், மதிப்பீடு என்று அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று தனியாக ஆறு இருந்தால்தான் மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

இனி கரண்டும் வெயிலும். ஒரு டேப் சார்ஜ் ஆக எடுப்பது பத்து வாட் அளவுதான், ஆறும் சேர்ந்தாலும் ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைவு. மின்கட்டணம் பிரச்சினையே இல்லை. பிளக் பாயிண்ட்தான் பிரச்சினை. ஒரே பாயிண்டில் மூன்று அடாப்டரை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகிப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் ஒயர் தொங்க விடுவது ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு பலகையில் ஆறு பாயிண்ட் எர்த்தோடு போட்டுக்கொள்ளுங்கள், டேப் வாங்குவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காதது சூடு. சித்திரை வைகாசி வெயிலில், பூட்டிய அறையில், இரும்பு பீரோவுக்குள், முழுச் சார்ஜோடு இரண்டு மாதம் டேப்பை வைத்தால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும், காலியாக விட்டால் திரும்ப எழும்பாமலே போகலாம். பாதிச் சார்ஜில் அணைத்து, தரைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், நடுவில் ஒரு முறை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியே நடக்கிறது. 1953இலிருந்து இயங்குகிற அந்த நிறுவனம் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பேட்டரி என்றால் என்ன என்பதை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நெட்டை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். செட்டியார் கட்டிய பழைய கட்டடங்களின் கனத்த சுவருக்குள் சிக்னல் சரியாக வராது. தேவையானதை ஆசிரியர் முன்கூட்டியே இறக்கி மெமரி கார்டில் போட்டு எல்லா டேப்பிலும் ஏற்றிவிட்டால் யூடியூப் பக்கம் பிள்ளைகள் நழுவிப் போகிற கவலையும் இல்லை. ஆண்ட்ராய்டிலேயே ஸ்க்ரீன் பின்னிங் (புதிய பதிப்புகளில் ஆப் பின்னிங்) என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரே செயலியில் திரையை நிறுத்திவிடும், அதைப் போடத் தெரிந்தால் போதும். கெட்டியான ரப்பர் உறை கட்டாயம், சிமெண்டுத் தரையில் விழாத டேப் கிடையாது.

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு படித்த பள்ளியை மறக்காமல் கொடுக்க நினைக்கிறவர்களிடம் சொல்ல வேண்டியதும் இதுதான். கட்டடம், கோயில், பள்ளி என்று கொடுத்துக் கொடுத்து வளர்ந்த மண் இது, கொடுக்கிற மனசு இன்னும் வற்றவில்லை. இருபத்து நாலு பிள்ளைக்கும் ஆளுக்கொன்று என்றால் 12,000 வீதம் 2,88,000 ரூபாய். ஆறு மட்டும் வாங்கினால் 72,000. மிச்சம் 2,16,000 இருக்கிறதே, அதில் உறை, இயர்போன், பிளக் பாயிண்ட், உடைந்தால் மாற்றக் கொஞ்சம் என்று ஒதுக்கியது போக, ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு மாதம் 5,000 கொடுத்தால்கூட மூன்று கல்வியாண்டுக்கு மேல் ஒரு ஆள் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்ப் பெண்கள் எவ்வளவு அக்கறையாகச் செய்தார்கள் என்பதை நாம் பார்த்தோமே. தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, அவர்கள் ஒப்புக்கொண்டு முறைப்படி செய்தால் இது நடக்கிற காரியம். டேப்பைவிட அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிற பணம்தான் அதிகம் பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று, எல்லோரும் விட்டுவிடுகிற சின்ன விஷயம். டேப்பை முதலில் திறக்கும்போது ஏதாவது ஒரு கூகுள் கணக்கைப் போடச் சொல்லும், அவசரத்துக்கு யாரோ ஒரு ஆசிரியர் தன் சொந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். இரண்டு வருஷம் கழித்து அவர் மாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடுவார். அப்புறம் ஏதோ கோளாறு என்று ரீசெட் செய்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு டேப் பூட்டிக்கொள்ளக்கூடும், திருட்டுக்கு எதிராக ஆண்ட்ராய்டே வைத்திருக்கிற ஏற்பாடு அது. பள்ளியின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அதை மீட்கக் கொடுக்கிற எண் பள்ளியோடு இருக்கிற ஒருவருடையதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கையும் பாஸ்வேர்டையும் இருப்புப் பதிவேட்டில் டேப்பின் வரிசை எண்ணுக்கு நேரே எழுதி, பதிவேட்டைப் பூட்டி வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும்போது பீரோச் சாவியோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.